மூன்றாவது கேள்விக்குப் பச்சை விழுந்தது

முப்பது வயதைத் தாண்டிய பிறகு நான் மறுபடியும் வேலை பழகும் பயிலுநர் ஆனேன். அதற்கு முன்பு கிள்ளானில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்தேன். நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அனுப்பும் நீளமான ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பதில் போடுவது, இதுதான் வேலை. டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடினார். மகள் அப்போதுதான் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். "வீட்டுல சும்மா இருந்தா உனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், எதையாவது படி" என்று அவர்தான் சொன்னார். இணையத்தில் கோடிங் வகுப்பு ஒன்று படித்தேன். பிரிக்பீல்ட்சில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி என்னைப் பயிலுநராக எடுத்துக்கொண்டது.

கடை வீட்டின் மேல்மாடிதான் ஆபிஸ். கீழே பூக்கடை. காலையில் கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து வந்து இறங்கி, நடந்து, மல்லிகை வாசத்தோடு படியேறுவேன். மேலே போனால் குளிர்சாதனமும் காப்பி மணமும் மட்டும்தான்.

எனக்கு அடுத்த மேஜையில் இன்னொரு பயிலுநர் இருந்தான். செந்தூல் பகுதிப் பையன், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன். டிப்ளோமா படிப்பைப் பாதியில் விட்டவன். கணினி முன்னால் உட்கார்ந்தால் அவன் விரல்கள் யோசிக்கும், வாய் பேசாது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் மட்டும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் கேட்கிற முட்டாள்தனமான கேள்விகளுக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை.

எங்கள் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. பயிலுநர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளும் கோடிங் போட்டி ஒன்றுக்கு அவர் எங்கள் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார். "ஜெயிக்கணும்னு இல்ல. போய் மத்தவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வாங்க" என்றார். முதலாளி மட்டும் வேறு மாதிரி. "கோப்பை வந்தா படம் எடுத்து இங்க மாட்டலாம்" என்று சுவரைக் காட்டினார்.

செந்தூல் பையனுக்கு அந்தப் போட்டி வேறொரு வகையில் முக்கியம். அவன் அப்பா, வீட்டுக்கு யார் வந்தாலும், மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "பழகிக்கிட்டு இருக்கான்" என்பாராம். "மெக்கானிக் கடையில ஸ்பானர் எடுத்துக் குடுக்கிறவன் மாதிரி சொல்வாருக்கா" என்று ஒரு முறை என்னிடம் சொன்னான். அவனாகவே வீட்டைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

போட்டி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரி மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை. இருவர் ஒரு குழு. இருவருக்கும் சேர்த்து ஒரே கணினி. கேள்விகள் தாளில் வரும். விடையாக ஒரு புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும். கேள்வி தயாரித்தவர்கள் முன்கூட்டியே வைத்திருக்கும் கணக்குகளை இயந்திரம் அந்தப் புரோகிராமுக்குக் கொடுத்துப் பார்க்கும். எல்லாம் அவர்கள் வைத்திருக்கும் விடையோடு பொருந்தினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு, அதற்குத் தண்டனையாகக் கொஞ்சம் நேரமும் கூட்டுவார்கள். மண்டபத்தின் முன்னால் பெரிய திரை. யாருக்குப் பச்சை, யாருக்குச் சிவப்பு என்று அது ஊருக்கே காட்டும்.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் படிப்பேன், அவன் எழுதுவான். இன்ஷூரன்ஸ் கடிதங்கள் படித்துப் பழகிய கண் எனக்கு. நீளமான ஆங்கிலக் கேள்வியைப் பார்த்தால் அவனுக்குப் பயம். நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன், அவன் தலையாட்டுவான், விரல்கள் ஓடும்.

முதல் இரண்டு கேள்விகள் எல்லோருக்கும் போல எங்களுக்கும் ஓடிவிட்டன. மூன்றாவது, மண்டபங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியைப் பற்றியது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று கொடுத்திருப்பார்கள். நேரம் மோதாமல் எல்லா நிகழ்ச்சிகளையும் நடத்த எத்தனை மண்டபங்கள் வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கக் கேள்வி.

வேகமாகப் படித்துவிட்டுச் சொன்னேன்.

அவன் கேட்டான். "ஒண்ணு பத்து மணிக்கு முடியுது, அடுத்தது பத்து மணிக்கே ஆரம்பிக்குது. அது மோதலாக்கா?"

"மோதல்தான்," என்றேன். யோசிக்கவே இல்லை.

ஏன் யோசிக்கவில்லை என்றால், என் கல்யாணம். கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்களுக்கு முன்னால் அதே மண்டபத்தில் யாருடைய பிறந்தநாள் விருந்தோ. அவர்களுக்கு முடிகிற நேரமும் எங்களுக்குத் தொடங்குகிற நேரமும் ஒன்றுதான் என்று மண்டபக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் போய் இறங்கும்போது உள்ளே கரவோக்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றார்கள். என் மாமியார் இன்று வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். அப்படிப்பட்டவளிடம் கேட்டால் வேறென்ன சொல்வேன்? ஒரே நேரத்தில் முடிந்து தொடங்கினால் அது மோதல் இல்லாமல் வேறென்ன?

அவன் எழுதினான். அனுப்பினோம். பச்சை.

பிறகுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தோம். மூன்றாவது கேள்விக்கு நேராக வரிசை முழுவதும் சிவப்பு. பெரிய பல்கலைக்கழகக் குழுக்கள், சட்டையில் கல்லூரி முத்திரையோடு வந்தவர்கள், எல்லோருக்கும் சிவப்பு. இரண்டு தடவை, மூன்று தடவை அனுப்பி மறுபடியும் சிவப்பு. எங்களுக்கு மட்டும் பச்சை. எங்கள் குழுவின் பெயர் மெல்ல மேலே ஏறி முதல் இடத்தில் போய் நின்றது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். செந்தூல் பையன் காதெல்லாம் சிவக்க உட்கார்ந்திருந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாப்பாட்டு இடைவேளை வரைக்கும் நாங்கள்தான் முதலிடம். மணி அடித்ததும் அவன் திரையைப் படம் எடுத்தான். எங்கே அனுப்புகிறான் என்று எட்டிப் பார்த்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழு. செந்தூலில் இருக்கும் சித்தப்பா, பெரியப்பா, அத்தைகள் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்க வரிசையில் நிற்பதற்குள் போன் துள்ள ஆரம்பித்துவிட்டது. கைதட்டும் கைகள், மத்தாப்பு, குரல் செய்தி. அவன் அப்பா ஒன்றும் எழுதவில்லை, ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருந்தது. அவன் அதை என்னிடம் காட்டினான்.

நான் கை கழுவப் போனேன். கழிவறையில் ஒரு சீனப் பெண் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மாணவி. கண்கள் வீங்கியிருந்தன. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து எந்தக் குழு என்று தெரிந்துகொண்டாள்.

"காக், நான் உங்ககிட்ட விடை கேட்கல," என்று, அக்கா என்று கூப்பிட்டு, மலாயில் ஆரம்பித்தாள். "மூணாவது கேள்வியை எத்தனை தடவை படிச்சோம்னு எங்களுக்கே தெரியல. ஒரே நிமிஷத்துல ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிச்சா மோதல் இல்லைன்னு தெளிவாப் போட்டிருக்கு. அப்படித்தான் செஞ்சோம். எங்கே தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியல. என் பார்ட்னர் என் மேல கோவமா இருக்கான்."

எனக்கு அந்த நேரத்தில் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ ஆறுதலாகச் சொல்லியிருப்பேன். வெளியே வந்து நேராக எங்கள் மேஜைக்குப் போய்த் தாளை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் மேல்பகுதியில், யாருக்கும் தெரிகிற மாதிரி அந்த வாக்கியம் இருந்தது. ஒரு நிகழ்ச்சி முடியும் அதே நிமிடத்தில் இன்னொன்று அதே மண்டபத்தில் தொடங்கலாம், அது மோதலாகக் கருதப்படாது.

முதலில் நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று மட்டும்தான் புரிந்தது. அப்படியானால் எங்களுக்கு எப்படிப் பச்சை விழும்? அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கேள்வியை எழுதியவரும், தன் விடையைத் தயாரிக்கும்போது, நான் செய்த அதே தப்பைச் செய்திருக்கிறார். இயந்திரம் அந்தத் தப்பை வைத்துக்கொண்டு எல்லோரையும் அளக்கிறது. சரியாகப் படித்தவர்கள் எல்லோருக்கும் சிவப்பு. தவறாகப் படித்த எங்களுக்குப் பச்சை.

அவன் மண்டபத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாளைக் காட்டினேன். அவன் வாக்கியத்தை ஆங்கிலத்தில் மெதுவாக, உதடு அசைய, படித்தான். கையில் எடுத்த சோற்றைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தான்.

"நம்ம விடை தப்பு," என்றேன்.

"மெஷின் ஏத்துக்கிச்சே."

"மெஷின்ல வச்சிருக்கிறதும் தப்பு. சொல்லணும்டா."

"எதுக்கு? நம்ம ஏமாத்துனோமா?"

"இல்ல."

"அப்புறம் என்னக்கா. கேள்வி செக் பண்ண வேண்டியது அவங்க வேலை. நம்ம வேலை இல்ல. வேற யாராச்சும் புகார் குடுப்பாங்க, குடுத்தா அவங்க பார்ப்பாங்க. சும்மா இருங்க லா."

"அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கா."

"எந்தப் பொண்ணு? எனக்குத் தெரியாத பொண்ணு." போன் மறுபடியும் துள்ளியது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். "அத்தை கேக்குறாங்க, கோப்பை எவ்வளவு பெருசுன்னு."

நான் இன்னும் கொஞ்சம் வாதாடினேன். நியாயம், அது இது என்று. அவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவன் சொன்னதில் பாதி எனக்கே சரியாகத்தான் பட்டது. எங்கள் இருவரின் குழு அது. அவனுக்குச் சம்மதமில்லாமல் நான் மட்டும் எழுந்து போய்ச் சொல்ல எனக்கு என்ன உரிமை? இப்படி நினைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினேன். இதை இப்போது எழுதும்போது ஒன்று தெரிகிறது. அந்த வாதத்தில் தோற்றது எனக்கு அவ்வளவு வருத்தமாக இல்லை. சொல்லிப் பார்த்தாயிற்று, அவன் கேட்கவில்லை, என் கடமை முடிந்தது என்கிற மாதிரி ஒரு நிம்மதி. சோற்றைக் கூடச் சாப்பிட முடிந்தது. சம்பல் நன்றாக இருந்தது.

"தண்டாஸ் போயிட்டு வரேன்," என்று எழுந்து கழிவறைப் பக்கம் போனான்.

வெகுநேரம் வரவில்லை. நான் பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனேன். மண்டபம் பாதி காலி. முன்னால் நடுவர்களின் மேஜைக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் மாணவன் மாதிரி. நாற்காலியில் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்ட ஒரு மலாய்க்காரர், கேள்விகளைத் தயாரித்த விரிவுரையாளர். அவர் தன் கணினியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போவதற்குள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு சமக்குறி," என்றார் ஆங்கிலத்தில், யாரிடம் என்றில்லாமல். "ஒரே ஒரு சமக்குறி கூடப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். 'இதற்கு முன்னால்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இதற்கு முன்னால், அல்லது இதே நேரத்தில்' என்று இருந்தது. எங்கள் புரோகிராமிலும் அதே இடத்தில் அதே குறி.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்தானே, இதைத் திருத்தினா உங்க பச்சை போயிடும்?" என்று அவர் கேட்டார்.

செந்தூல் பையன் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும் சார்," என்றான்.

இடைவேளை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூன்றாவது கேள்வியின் விடையில் பிழை இருந்தது, ஒரு குழு கண்டுபிடித்துச் சொன்னது, எல்லோருடைய விடைகளையும் மறுபடியும் சோதிக்கிறோம். எந்தக் குழு என்று சொல்லவில்லை. பிறகு திரை மாறத் தொடங்கியது. ஒவ்வொரு சிவப்பாகப் பச்சை ஆனது. மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கத்தல், நாற்காலி நகரும் சத்தம், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வது. எங்கள் பச்சை சிவப்பானது. பெயர் கீழே இறங்கியது, இன்னும் இறங்கியது, திரையின் அடிப்பகுதிக்குப் போய் அடுத்த பக்கத்துக்குள் மறைந்தது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலிடத்தில் இருந்த குழு விழுந்ததே என்று கேட்க அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் நேரமில்லை.

அவன் அந்தச் சமக்குறியை அழித்துவிட்டு மறுபடியும் அனுப்பினான். பச்சை விழுந்தது, ஆனால் தண்டனை நேரத்தோடு.

"அடுத்த கேள்வியைப் படிங்கக்கா," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு தடவை," என்றான்.

மதியம் முழுவதும் கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நான் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன், அதனால் வேகம் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு கேள்விக்குப் பச்சை வாங்கினோம். அதற்கு மேல் முடியவில்லை. கடைசியில் எங்கோ நடுவில் நின்றோம். பங்கேற்றதற்கு ஆளுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. கழிவறையில் பார்த்த பெண்ணின் குழு மேடையேறியது. அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றாள். கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பிழையைச் சொன்ன குழு எது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சும்மா பழக்கத்துக்கு அசைத்திருப்பாள். நானும் அசைத்தேன்.

வெளியே மழை. எல்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் என் குடையில் இருவரும் நனைந்துகொண்டே போனோம். நடைமேடையில் நிற்கும்போது கேட்டேன், "கோவமா?"

"ஆமா."

"சொன்னது நீதானே. நான் போகலையே."

"நீங்க என்கிட்ட அந்தத் தாளைக் காட்டாம இருந்திருக்கலாம்ல. எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கும்."

"அப்போ நான் மட்டும் மனசுல வச்சிக்கிட்டு இருக்கணுமா?"

"ஆமாக்கா. தப்பாப் படிச்சது நீங்கதானே. நீங்கதான் வச்சிக்கணும். எதுக்கு என் கையில குடுத்தீங்க?"

குடையை மடக்கி உதறினேன். ரயில் வந்தது, கூட்டமாக இருந்ததால் ஏறவில்லை. அவன் போய் நிலையத்துக் கடையில் மசாலா அடைத்த இரண்டு கறிப்பாப் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தான். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அவனுக்குப் பசி, ஒன்று மட்டும் வாங்கத் தெரியாது, அவ்வளவுதான். தின்றுகொண்டே போனை எடுத்துக் குடும்பக் குழுவுக்கு என்னவோ தட்டினான். பிறகு என்னிடம் நீட்டினான். 'நாங்க போட்ட விடை தப்பு. முதல் இடம் இல்ல.' இவ்வளவுதான் எழுதியிருந்தான். தானே போய்ச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"முழுசாச் சொல்லேன்டா," என்றேன்.

"சொன்னா இன்னும் நிறையக் கேப்பாங்க," என்றான்.

திங்கட்கிழமை மேலாளர் எங்களைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நான் தவறாகப் படித்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாண மண்டபக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். முதலாளி சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். எங்கள் இருவரையும் அந்த ஆண்டுக் கடைசியில் நிரந்தரமாக்கினார்கள். போட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அவன் அப்பா இப்போது "கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்" என்று சொல்வதாக ஒரு நாள் அவனே சொன்னான்.

பிறகு அவனுக்கு சைபர்ஜெயாவில் நல்ல வேலை கிடைத்தது. போவதற்கு முன் கீழே பூக்கடைக்குப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்கும் தேத்தாரே டீ குடித்தோம். அப்போதுதான் நான் கேட்டேன், அன்றைக்கு ஏன் போய்ச் சொன்னாய் என்று. அவ்வளவு நாளும் எனக்குள் ஒரு கதை இருந்தது. நான் பேசியது அவன் மனதைத் தொட்டது, அந்தப் பெண் அழுததை நினைத்து இரங்கினான், இப்படி.

"நீங்க பேசுனதுக்கு இல்லக்கா," என்றான். "தண்டாஸ் போறதுக்குத்தான் போனேன். வர்ற வழியில திரையைப் பார்த்தேன். நம்ம பேரு மேல இருந்துச்சு. காலையில பார்க்கும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு? அப்போ பார்க்கவே பிடிக்கல. வேற யாரோட சட்டையையோ போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. கழட்டணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

கிளாசில் மிச்சமிருந்த நுரையைக் கரண்டியால் வழித்துத் தின்றான். பிறகு சைபர்ஜெயாவில் வாடகை அறை எப்படி, பஸ் எப்படி என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவன் நல்லவன் என்று நான் எழுதினால் அவனுக்குப் பிடிக்காது. நான் அன்று மண்டபத்துக்குள் போனபோது அவன் அந்த மேஜையருகில் நிற்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவ்வப்போது யோசிப்பேன். போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதான் நம்ப ஆசை. ஆனால் எனக்கு என்னைக் கொஞ்சம் தெரியும். மணி அடித்திருக்கும். நாலாவது கேள்வி வந்திருக்கும். அவன் படிங்கக்கா என்றிருப்பான், நான் படிக்கத் தொடங்கியிருப்பேன்.